பாமினி இல்லாத பக்கம்

கீழ்ப்பிரிவு லயம்,
எல்கடுவ.
2007.02.11

அன்புள்ள நூரு,

நீ போனது போகட்டும். கீபோர்ட்டில் பாதியையும் கூடவே கொண்டுபோய்விட்டாயே, அதை நான் யாரிடம் போய் முறையிடுவது?

திங்கட்கிழமை ஐ.டி. பாடம். ஐந்தாம் மெஷினுக்கு முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்தேன். மெஷினுக்கு இரண்டு பேர் என்று உட்காரவைத்த முதல் நாளே நாம் சண்டை பிடித்ததும், ஸக்கரியா சேர் எரிச்சலில் பிழை திருத்தும் வெள்ளை மையை எடுத்துக் கீபோர்ட்டின் நடுவில் கோடு கிழித்ததும் ஞாபகம் இருக்கிறதா? "இந்தப் பக்கம் சந்திரகாந்தா, அந்தப் பக்கம் நூருன்னிஸா. கோட்டைத் தாண்டினா ரெண்டு பேரும் வெளிய." அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. தாண்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

இரண்டு வருசமாக இடப்பக்கத்தை மட்டும் தட்டிப் பழகிய கைக்கு வலப்பக்கம் வேற்றூராக இருக்கிறது. க, ச, ந, ப, வ எல்லாம் என்னிடம். ம, த, ர, அ, துணைக்கால் எல்லாம் உன்னிடம். போதாததற்குப் புள்ளியும் உன் பக்கம். புள்ளி இல்லாமல் தமிழில் என்னடி எழுதுவது? என் பேரை அடிக்கப் பார்த்தேன். முதல் எழுத்தோடு நின்றுபோனேன்.

உனக்குத்தான் முதலில் பிடிபட்டது அந்தச் சங்கதி. அம்மா என்ற சொல் முழுக்கக் கோட்டுக்கு வலப்பக்கம், உன் கையில். உம்மா என்ற சொல்லுக்கு மட்டும் முதல் எழுத்து என் பக்கம். "ஒங்க அம்மாவக் கூப்பிட என் கை வேணும், எங்க உம்மாவக் கூப்பிட ஒன் விரல் வேணும்" என்று நீ சிரித்ததில் சேர் திரும்பிப் பார்த்தார். பயிற்சிக்கு ஒரு பக்கம் அடியுங்கள் என்றதும் அதையே அடித்தோம். அம்மா உம்மா, அம்மா உம்மா என்று பக்கத்தின் அடிவரைக்கும்.

அந்தப் பக்கத்தால்தான் இப்போது எனக்குக் கடிதத் தாள் கிடைத்திருக்கிறது. நீ போனபிறகு சேர் அதைப் பள்ளிக்கூடக் கந்தோரில், அலுவலக மெஷினில் கொடுத்து வகுப்புக்கெல்லாம் பிரதி எடுத்தார். கந்தோர் மெஷினில் பாமினி எழுத்துரு இல்லை என்பது அவருக்கு ஞாபகமில்லை. பாமினி இல்லாவிட்டால் நாம் தட்டுவது தமிழாக வராது, தட்டின இங்கிலிஸ் எழுத்தாகவே வந்து நிற்கும் என்று நமக்குப் படித்துக் கொடுத்தவரே அவர்தான். ஒரு கட்டுத் தாள் முழுக்க இப்படி வந்திருந்தது:

mk;kh ck;kh mk;kh ck;kh mk;kh ck;kh

சேர் தலையில் கைவைத்தார். மறுபக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதைத் திருப்பிப் பார், உன் கைவரிசை தெரியும்.

போன கிழமை கொழும்பில் இருக்கிற பழனிமுத்து அண்ணனுக்கும் இப்படி ஒரு தாளில்தான் எழுதினேன். புறக்கோட்டையில் புடவைக்கடை வேலை என்று போனதிலிருந்து, நான் என்ன படிக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறார். பாமினி இல்லாததால் எல்லாம் கெட்டுப்போனது, சேர் கண்டியிலிருந்து பாமினியைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று வேடிக்கையாக எழுதினேன். அவருக்குப் புரிந்திருக்காது.

குருநாகலில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று மறைக்காமல் எழுது.

உன்,
சந்திரா


குருநாகல்.
2007.03.04

அடியே சந்திரா,

என் பக்கத்தில் யாரும் இல்லை. நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

இங்கே கொம்பியூட்டர் அறையைப் பார்த்தால் நீ வாயைப் பிளப்பாய். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், குளிர் மெஷின் போட்டு நடுங்க வைக்கிறார்கள். ஆளுக்கொரு மெஷின். ஆளுக்கொரு மெஷின் என்றால் எவ்வளவு சந்தோசம் என்று மாத்தளையில் பேசிக்கொண்டோமே, பொய்யடி. நான் வழக்கம்போலக் கதிரையை வலப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "மாத்தளைக்காரி யாருக்கு இடம் பிடிக்கிறா?" என்று ஒருத்தி கேட்டாள். இடது கை மடியிலேயே கிடந்தது. உம்மா என்று அடித்தால் ம்மா என்றுதான் வருகிறது.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்கும் நான் தேவையில்லை, அவ்வளவுதான். ஜுனைதா என்று ஒருத்தி மட்டும் இடைவேளையில் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவள் நல்லவள், ஆனால் வாயே திறக்கமாட்டாள். உன்னோடு பேசிப் பழகிய எனக்கு அது கபுறடியில் புதைத்தவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

வீட்டில் எப்படி என்று கேட்பாய். மாமாவின் ஹார்ட்வேர் கடைக்கு மேல் இரண்டு அறை. மாத்தளையில் பெரிய வாப்பாவோடு பிணக்குப்பட்டு மிளகுக் கடையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து வாப்பா அதிகம் கதைப்பதில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் சிரித்தார் என்று வைத்துக்கொள். உடைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"யாரு புள்ள இந்த பாமினி? சேர் எதுக்கு அவளக் கண்டியில இருந்து கூட்டிட்டு வாரார்?"

நானும் உம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். எழுத்துருவுக்குப் பொம்பிளைப் பேர் வைத்திருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தியதும் அவரும் சிரித்தார். உன் தாளைத் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். உன் பக்கத்தைப் படிக்கிறேன், பிறகு திருப்பி என் பக்கத்தைப் பார்க்கிறேன்.

மாத்தளை பஸ்ஸில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடலாம். தனியாகப் போக விடமாட்டார்கள். கிட்டத்தில் இருந்துகொண்டு வரமுடியாமல் இருப்பதைவிடத் தூரத்தில் இருந்திருக்கலாம்.

உன்,
நூரு


எல்கடுவ.
2007.04.19

நூரு,

நீ சிரித்ததைப் போல அவர்களும் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணனைப் பொலிசில் பிடித்துவிட்டார்கள். சித்திரை வருசத்துக்கு வீட்டுக்கு வரக் கிளம்பியவரைக் கொழும்பு பஸ் நிலையத்தில் மறித்து, ஐ.சி. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பையைக் கொட்டியிருக்கிறார்கள். பையில் அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு பேனைப் பெட்டி. சட்டைப் பையில் என் கடிதம். கடிதத்துக்குப் பின்னால் நம் பக்கம்.

வருசத்தன்று பகல் முழுக்க அம்மா சோறு போடாமல் காத்திருந்தது. மறுநாள்தான் கடை முதலாளி தோட்டத்துக் கந்தோருக்குப் போன் எடுத்துச் சொன்னார். அப்பாவும் சங்கத்துத் தலைவர் அழகமுத்து மாமாவும் கொழும்புக்குப் போனார்கள். அப்பா திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தத் தாள மேசையில விரிச்சு வச்சிருக்காங்க. இது என்ன ரகசியப் பாசை, யாரு குடுத்ததுன்னு கேக்கிறாங்க. நமக்கென்ன தெரியும். தங்கச்சி எழுதினதுன்னு பழனி சொல்லியிருக்கான். எழுதினதுன்னா இந்தப் பக்கம் தமிழ்ல இருக்கே, அந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டாங்களாம். அப்புறம் பாமினி யாரு, எங்க இருக்கா, கண்டியில இருந்து என்னத்தக் கொண்டு வர்றான்னு கேட்டாங்களாம். அவனுக்குத் தெரியல புள்ள. தெரியலன்னு சொல்றத அவங்க நம்பல."

உன் வாப்பா கேட்ட அதே கேள்வி, நூரு.

நான் ஸக்கரியா சேரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "எனக்கும் புள்ள குட்டி இருக்கும்மா. ஸ்கூல் பேரு இதுல வந்தா அதிபர் என்னய விட்டுவைக்க மாட்டார்" என்றார். அதிபரோ, பள்ளிக்கூடத்துக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதித் தருகிறேன் என்கிறார். அப்படி எழுதினால் அண்ணன் கதி என்ன?

நான் மட்டும் போய்ச் சொன்னால் தங்கச்சி அண்ணனுக்காகப் பொய் சொல்கிறாள் என்பார்கள். வேறு ஒருவர் வேண்டும். அந்தப் பக்கத்தை அடித்தவர்களில் இன்னொருத்தி நீ. உன் வாப்பாவோடு கொழும்புக்கு ஒருநாள் வா. வரமுடியாவிட்டால், இது பள்ளிக்கூடப் பயிற்சி, நாங்கள் இரண்டு பேரும் அடித்தது என்று நாலு வரி எழுதி, பேரும் கையெழுத்தும் போட்டு அனுப்பு. தலைவர் ஒரு லோயரைப் பிடித்திருக்கிறார். அவரிடம் கொடுப்போம்.

அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறது, வருகிறது, அடுப்பைப் பற்றவைக்கிறது. சீக்கிரம் எழுது.

சந்திரா


குருநாகல்.
2007.05.06

அன்பின் சந்திரகாந்தாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் சகோதரருக்கு நேர்ந்தது குறித்து நாங்கள் வருந்துகிறோம்.

நீங்கள் குறிப்பிடும் தாளைப் பற்றி எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. உங்கள் முந்தைய கடிதமும் என்னிடம் இல்லை. நான் மாத்தளைப் பாடசாலையை விட்டு விலகிவிட்டதால் இந்த விசயத்தில் என்னால் எதுவும் கூற இயலாது. இனிமேல் இந்த விலாசத்துக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஸெய்னுலாப்தீன் நூருன்னிஸா


எல்கடுவ.
2007.05.20

நூருன்னிஸா அவர்களுக்கு,

நீங்கள் என்று என்னை எழுதியிருக்கிறாய். நானும் அப்படியே எழுதலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை.

எழுத வேண்டாம் என்றாய். இதுதான் கடைசி. படித்துவிட்டு எரித்தாலும் சரி, உன் வாப்பாவிடம் கொடுத்தாலும் சரி.

உனக்கு ஞாபகம் இல்லையென்றால் நான் ஞாபகப்படுத்துகிறேன். மிச்சமிருந்த தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். mk;kh என்பதில் எல்லாத் தட்டும் உன் கை. ck;kh என்பதில் முதல் தட்டு மட்டும் என் விரல், மற்றதெல்லாம் நீ. பத்துத் தட்டில் ஒன்பது உன்னுடையது. நான் அந்தப் பக்கத்தில் தொட்டது ஒரே ஒரு எழுத்து. அதுவும் உன் உம்மாவுக்காகத் தொட்டது. அதற்குத்தான் எங்கள் அண்ணன் உள்ளே இருக்கிறார்.

போன கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். தலையை மொட்டை அடித்திருக்கிறார்கள். இடது காதைத் திருப்பித் திருப்பித்தான் நாங்கள் பேசுவதைக் கேட்டார். வலது காதுக்கு என்ன என்று அம்மா கேட்டதற்கு, தடிமன், சளி அடைத்திருக்கிறது என்றார். வெயில் காலத்தில் என்ன தடிமன்?

உன்னைக் கொழும்புக்கு வா என்று கேட்டது பெரிதாக இருந்தால், நாலு வரி கேட்டேனே, அதுவுமா பெரிது? அந்த நாலு வரிக்குப் பதிலாக இந்த ஆறு வரியை எழுத உனக்கு மனசு வந்ததே.

லய வரிசையில் யாரும் இப்போது எங்கள் வீட்டுக் காம்பராப் பக்கம் வருவதில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள்கூட என்னோடு பஸ்ஸுக்கு நடப்பதில்லை. நான் முன்னால் போனால் அவர்கள் பின்தங்குகிறார்கள். இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தாள்.

சந்திரகாந்தா


குருநாகல்.
2007.06.12

சந்திரா,

இதைக் கிழித்துப் போடாதே. முழுவதும் படி.

அந்தக் கடிதம் வாப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. நீங்கள் என்று நான் எழுதியதிலேயே உனக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். உனக்கு விளங்கவில்லை என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது, பிறகு அழுகை வந்தது. உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு வாப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார். என் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி எடுத்து, உன் முதல் கடிதத்தை உருவி, அடுப்பில் போட்டார். அது எரியும்வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். "நாம மாமாட நிழல்ல இருக்கிறம். கடைக்கு ஒருக்காப் பொலிஸ் வந்தா மறுநாள் நாம றோட்டுல" என்றார். அவர் கெட்டவர் இல்லையடி. பயந்த மனிசன். பயந்த மனிசரோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கவனமாகக் கேள். எனக்கு ஒரு வழி அகப்பட்டிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை இங்கே கந்தோரில் டைப் அடிக்கிற சிங்கள மிஸ், பிரிண்டர் பழுது என்று ஒரு நோட்டிசைக் கொண்டுவந்து எங்கள் அறையில் அடித்தார். வெளியே வந்த தாளைப் பார்த்து "பிஸ்ஸு மெஷின்" என்று, மெஷினுக்குப் பைத்தியம் என்று ஏசினார். எட்டிப் பார்த்தேன். சிங்களம் இல்லை. இங்கிலிஸ் எழுத்தும் கமாவும் சதவீதக் குறியுமாக, நம் பக்கம் மாதிரியே இருந்தது. அவர்களுடைய சிங்கள எழுத்துருவுக்கும் இதே கதிதான் சந்திரா. எழுத்துரு இல்லாத மெஷினில் அவர்கள் எழுத்தும் கெட்டுப்போகிறது.

பொலிசில் ரிப்போர்ட் எல்லாம் இப்போது கொம்பியூட்டரில்தான் அடிக்கிறார்கள். லோயரிடம் சொல்லி, நீயே அங்கே போ. போய் விளக்கம் சொல்லாதே. விளக்கம் சொன்னால் கதை கட்டுகிறாய் என்பார்கள். அவர்கள் அடித்த ஏதாவது ஒரு சிங்களக் கடிதத்தைத் திறக்கச் சொல். முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை இங்கிலிசுக்கு மாற்று. அவர்கள் கண்முன்னால் அது கெடட்டும். பிறகு பழையபடி திருப்பிக் கொடு. அதன்பிறகு ஒரு பிளொப்பியில் பாமினியைக் கொண்டுபோய் நம் பக்கத்தைக் காட்டு. சேரிடம் கெஞ்சியாவது பாமினியை வாங்கு.

யாரோடு சேர்ந்து அடித்தாய் என்று கேட்டால் என் பேரைச் சொல். வாப்பா பேரையும் இந்த விலாசத்தையும் சொல். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பதிலை ஜுனைதாவின் வீட்டு விலாசத்துக்குப் போடு. அவள் வாயே திறக்கமாட்டாள் என்று குறை சொன்னேனே, இப்போது அதுதான் எனக்கு உதவி.

ஒன்பது தட்டும் என்னுடையதுதான்.

நூரு


எல்கடுவ.
2007.08.05

நூரு,

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஜுனைதா எழுதியிருக்கிறாள். நீ எழுதியதை உன் வாப்பா எப்படியோ அறிந்துகொண்டார், இப்போது மேல் அறையிலேயே இருக்கிறாய் என்று இரண்டே வரி. இந்தக் கடிதத்தைத் தையல் துணிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாளாம். வந்து சேருமோ தெரியாது. சேரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஸக்கரியா சேர் பிளொப்பியைத் தானாகவே தந்தார். பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, மருந்து கொடுக்கிற மாதிரிக் கையில் வைத்தார். "என் பேரச் சொல்லாத புள்ள" என்றார். அவர் பேரையும் நான் சொல்லவில்லை.

அப்பாவும் லோயரும் நானும் கொழும்புப் பொலிசுக்குப் போனோம். அங்கே பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., முதலில் மாட்டேன் என்றார். லோயர் வெகுநேரம் தணிவாகப் பேசினார். கடைசியில், சரி, பள்ளிக்கூடப் பிள்ளைதானே, என்ன காட்டப் போகிறாள் பார்ப்போம் என்று டைப் அடிக்கிற கான்ஸ்டபிளை எழுந்திருக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் மறந்தே போய்விட்டது நூரு, பஸ்ஸில் அவ்வளவு பேசுகிறவள் நான். அவர்களுடைய கடிதம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். கீழே ஓ.ஐ.சி.யின் பேர் இருந்தது. நீ சொன்னபடி மாற்றினேன். பக்கம் முழுக்கக் கெட்டது. அவர் பேர் இருந்த இடத்தில் ஒரு கமாவும் இரண்டு கோடும் நாலைந்து எழுத்தும் நின்றன.

கான்ஸ்டபிள் "ஐயோ, என் ரிப்போர்ட்" என்று பாய்ந்தார். நான் பழையபடி ஆக்கிக் கொடுத்தேன். ஓ.ஐ.சி. திரைக்குக் கிட்ட வந்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன்.

பிறகு பிளொப்பியைப் போட்டு, பாமினியை ஏற்றி, கோட்டுக்கு வலப்பக்கம் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். நம் தாளில் இருப்பதைப் பார்த்து mk;kh. எழுத்துருவை மாற்றியதும் தமிழ் வந்தது. வாசிக்கச் சொன்னார்கள். அம்மா என்றேன். மொழிபெயர்க்க லோயர் வாயைத் திறந்தார், ஓ.ஐ.சி. கையைக் காட்டி நிறுத்தினார். சிங்களத்திலும் அது அம்மாதானே.

"அடுத்தது?" என்று கேட்டார்.

"உம்மா. அதுவும் அம்மாதான் சேர். என் கூட்டாளியோட அம்மா."

"பாமினி?"

"இந்த எழுத்துக்குத்தான் பாமினின்னு பேரு."

கூட்டாளி யார் என்று கேட்டார். உன் பேர் நாக்கு நுனியில் இருந்தது. ஊர் மாறிப் போய்விட்டாள், விலாசம் தெரியாது என்று சொன்னேன். நீ சொல்லச் சொன்னாய், எனக்குத் தெரியும். உன் நாலு வரிக்காக உன்னோடு அவ்வளவு கோபப்பட்டவள்தான் நான். அந்த மேசைக்கு முன்னால் நின்றபிறகு, உன் வாப்பா எதற்குப் பயந்தார் என்று எனக்கு விளங்கியது. அப்படியும் அவர் உன்னை நிறுத்திவிட்டார். நான் பேர் சொல்லாதது உனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

அடுத்த தவணையில் கோர்ட்டில் விட்டுவிட்டார்கள்.

நான் ஐ.டி. பாடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்தாம் மெஷினில் எனக்குப் பக்கத்தில் யாரையும் உட்காரவைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வலப்பக்கம் இப்போது பழகிவிட்டது. புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே விரல் போகிறது. இது நடந்தால் சந்தோசப்படுவேன் என்று நினைத்திருந்தேன். உன் எழுத்தெல்லாம் என் கைக்கு வந்தபிறகுதான் நீ போய்விட்டாய் என்று நன்றாகத் தெரிகிறது.

அண்ணன் கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. பகல் முழுக்கக் காம்பராவுக்குள்ளேயே இருக்கிறார். வலது காது கேட்கவே இல்லை. என்னோடு அதிகம் பேசவில்லை, கோபமா என்று கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது. நேற்று நான் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் தாள்ல என்னதான் புள்ள எழுதியிருந்துச்சு? லோயர் என்னவோ சொன்னாரு, எனக்குச் சரியா காதுல விழல."

அவ்வளவு மாதமும் அது என்ன என்று தெரியாமலே இருந்திருக்கிறார் நூரு. நான் அவருடைய இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மான்னு எழுதியிருந்துச்சு அண்ணே. வேற ஒண்ணும் இல்ல. அம்மா, அம்மான்னு பக்கம் முழுக்க."

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, வாசலில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமல், அதற்குக் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அது என்ன சொல்லு, சொல்லுன்னு கேட்டுக் கேட்டுத்தான் அடிச்சாங்க. ஒவ்வொரு அடிக்கும் நான் அதத்தான புள்ள சொல்லிக் கத்தினேன்."

கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அவர் சொல்லியிருக்கிறார் நூரு. அங்கே இருந்த எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும்.

சந்திரா